மொட்டை மாடியில் வெந்நீர்த் தொட்டி வைக்கலாமா?

கேள்வி: நங்கநல்லூரில் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட சொந்த வீட்டில் வசிக்கிறோம். 1994-இல் மாமனார் கட்டிய வீடு. கணவருடைய மேலதிகாரி ஒருவர் ஈஞ்சம்பாக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்புகிறார். அங்கிருந்து வந்தபோது கொண்டுவந்த ஹாட் டப் ஒன்றை, எடுத்துச் செல்லும் செலவை மட்டும் நாங்கள் ஏற்றுக்கொண்டால் இலவசமாகவே தருவதாகச் சொல்கிறார். ஐந்து பேர் உட்காரக்கூடியது, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், 2006-இல் தயாரானது, மூன்று ஆண்டுகளாக ஓட்டவில்லை. மொட்டை மாடியில் வைக்கலாம் என்பது கணவரின் எண்ணம். மாடியில் ஏற்கெனவே 2,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் பாரம் ஒரு பிரச்சினையே இல்லை என்கிறார். மாமியாருக்கு வயது 69, இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி. வெந்நீரில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும் என்று நினைக்கிறோம். ஆறு வயது மகளுக்கும் ஆசை. இம்மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்கலாமா?
— வாசகி, நங்கநல்லூர்

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அதன் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். மொட்டை மாடியில் இந்தத் தொட்டியை வைக்கக் கூடாது. தரையில் வைப்பதற்குச் சில நிபந்தனைகளுடன் இடமுண்டு; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் அவற்றில் பாதியாவது நிறைவேறும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுவேன். கட்டடப் பொறியாளனாக நெடுங்காலம் பிறருடைய மாடிகளைப் பார்த்து வருகிறவன் என்பதால் பாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு மீட்டர் சதுரத்தில் ஐந்து பேர் அமரும் தொட்டி ஏறக்குறைய 1,200 லிட்டர் தண்ணீர் கொள்ளும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் தண்ணீர் மட்டுமே 1,200 கிலோ. தொட்டியின் ஓடு, மோட்டார், ஹீட்டர், மரச்சட்டம் எல்லாம் சேர்ந்து 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஐந்து பேர் அமர்ந்தால் இன்னும் 325 கிலோ. ஆக, நான்கு சதுர மீட்டர் பரப்பில் கிட்டத்தட்ட 1,900 கிலோ உட்காருகிறது. சதுர மீட்டருக்கு 470 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் 875-ஆம் எண் விதித்தொகுப்பு (இரண்டாம் பகுதி, 1987) சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. வீட்டுக்குள் இருக்கும் அறைகளுக்கே 200 கிலோதான். உங்கள் மாமனாருக்கு வீடு கட்டிக்கொடுத்தவர் விதிப்படியே கம்பி கட்டியிருந்தாலும், தொட்டி நிற்கும் இடத்தில் அந்த மாடி, தனக்கென்று கணக்கிடப்பட்டதைப் போல மூன்று மடங்குக்கு மேல் சுமக்க வேண்டியிருக்கும். கணக்கில் பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். ஆனால் அது கலவையில் நேர்ந்த குறையையும் காலத்தால் வந்த தேய்மானத்தையும் தாங்குவதற்காக வைத்ததே தவிர, நாம் எடுத்துச் செலவழிப்பதற்காக வைத்ததல்ல. முப்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சோதனை செய்யாமல் யாரும் சொல்ல முடியாது.

உங்கள் கணவர் சொல்லும் தண்ணீர்த் தொட்டி வாதத்தை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அது அறிவற்ற வாதமல்ல; பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த 2,000 லிட்டர் தொட்டி எங்கே நிற்கிறது என்று மாடிக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் படிக்கட்டு அறையின் மேல்தளத்தில் நிற்கும். அந்த அறை சிறியது. நான்கு புறமும் சுவரோ தூணோ நெருக்கமாக இருக்கிறது. பாரம் நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. வேறிடத்தில் வைத்திருந்தாலும் கீழ்ச்சுவருக்கு நேர்மேலே இரண்டு செங்கல் திண்டு கட்டி அதன்மேல் வைப்பதுதான் கொத்தனார்களின் வழக்கம். ஹாட் டப்புக்கு அந்த இடம் போதாது. அது காற்றோட்டமாக, வானம் தெரிய, மாடியின் நடுவிலேதான் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நடு இடம் என்பது கீழே இருக்கும் கூடத்தின் அல்லது படுக்கையறையின் கூரைத் தளத்துக்கும் நடு இடம். பாரம் விழுந்தால் தளம் அதிகம் வளைவதும் அங்கேதான்.

அடுத்ததாக, மாடியில் பந்தல் போட்டு எண்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். எண்பது பேர் எண்பது சதுர மீட்டரில் பரவி உட்கார்ந்தால் சதுர மீட்டருக்கு 65 கிலோ. சாப்பிட்டுவிட்டு இறங்கியும் போய்விடுவார்கள். தண்ணீர் நிரப்பிய தொட்டி இரவும் பகலும், மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். கான்கிரீட் நெடுநாள் பாரத்துக்கு மெல்ல மெல்லத் தொய்வு கொடுக்கும் பொருள். இன்று இடிந்துவிடாது என்பதே நம்மை ஏமாற்றிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் தென்சென்னையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பேரக்குழந்தைகளுக்காக மாடியில் செங்கல்லால் சிறிய நீச்சல் தொட்டி கட்டியிருந்தார்கள். தளம் இடியவில்லை. ஆனால் தொய்வினால், மழைநீர் இறங்காமலிருக்கத் தளத்தின்மேல் போடும் வெதரிங் கோர்ஸ் பூச்சு விரிசல் விட்டு, தட்டோட்டின் இணைப்புகளில் மழைத் தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து ஊதி, கீழே படுக்கையறைக் கூரையில் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. குழந்தைகள் தொட்டியில் விளையாடியது இரண்டு கோடைவிடுமுறை. கூரையைச் செப்பனிட்டது நான்கு மாதம்.

சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு உத்தரம் போட்டு, தளத்தைத் தொடாமல் மேடை அமைத்து, அதன்மேல் தொட்டியை வைக்க முடியாதா என்றால் முடியும். அதற்குச் சுவரும் அடித்தளமும் இடம் கொடுக்கின்றனவா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்த்துக் கணக்கிட வேண்டும். அவ்வளவு செய்துவிட்டு, அதன்மேல் இருபது வயதை நெருங்கும் ஒரு பழைய தொட்டியை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, தரையில் வைக்கலாமே என்றால், நங்கநல்லூரில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வீட்டு முன்புறம் கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே சம்ப் இருக்கும். அதன் மூடித்தளத்தின்மேல் தொட்டியை வைக்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். பலர் மறந்துபோவது செப்டிக் டேங்க்கை. ஆலந்தூர் நகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 2000-களின் தொடக்கத்தில்தான் உங்கள் பகுதிக்கு வந்தது. 1994-இல் கட்டிய வீடு என்றால் பின்புறத்திலோ பக்கத்திலோ ஒரு செப்டிக் டேங்க் கட்டாயம் இருந்திருக்கும். சாக்கடை இணைப்பு கிடைத்த பிறகு அதை மண் போட்டு நிரப்பினார்களா, அல்லது மேலே சிமென்ட் பூசி அப்படியே விட்டுவிட்டார்களா என்பதை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். நிரப்பாமல் விட்ட தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுபோலவே, 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய குழி எங்கே என்பதும் தெரிய வேண்டும். இவை மூன்றையும் தவிர்த்துவிட்டு, காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டேகால் மீட்டர் சதுரமாவது மிஞ்சுகிறதா? பழுது பார்க்க ஒரு பக்கம் ஆள் குனிந்து உட்கார இடமும் வேண்டும். மிஞ்சினால், மண்ணை நன்றாக இறுக்கி, கம்பிவலை போட்டு 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் அமைத்து, அதை வெள்ளத் தண்ணீர் எட்டாத அளவுக்கு உயர்த்த வேண்டும். இந்த வகைத் தொட்டிகளில் மோட்டாரும் மின்பலகையும் அடிப்பாகத்தில்தான் இருக்கும். தெருவில் முழங்கால் அளவு நின்றாலே எல்லாம் மூழ்கிவிடும். இதே காரணத்துக்காக, ஈஞ்சம்பாக்கத்தில் அந்தத் தொட்டி நின்ற இடத்தில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் ஏறியதா என்று கேட்டுவிடுங்கள். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தால், ஏறியிருந்த தண்ணீர் சேற்றுக்கோடாகத் தன் உயரத்தை எழுதிவைத்திருக்கும். மூன்று ஆண்டுகளாக ஓட்டவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு எழுந்த முதல் ஐயம் இதுதான்.

இனி மின்சாரம். அமெரிக்காவில் வாங்கி இங்கே கொண்டுவந்த பொருள் என்பதால் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. அந்த நாட்டில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; நம்முடையது 50. ஹீட்டருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. மோட்டாருக்கு உண்டு. 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய மோட்டாரை நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். அதே நேரத்தில் அதன் இரும்புக் கருவில் காந்தப்புலம் ஏறக்குறைய 15 சதவீதம் கூடிவிடுவதால் சூடேறும். குளிர்நாட்டில் அந்தச் சூடு தணிந்துவிடும். சென்னையில், நாலு பக்கமும் பலகை அடைத்த பெட்டிக்குள், மே மாதத்தில் அது எங்கே போகும்? இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் என்பது இரண்டு 120 வோல்ட் கம்பிகளும் நடுவில் ஒரு நியூட்ரலும் சேர்ந்து வருவது. தொட்டியிலுள்ள விளக்கு, சிறிய சுழற்சி பம்ப், ஓசோன் கருவி போன்றவை அந்த 120-இல் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தால், நம் ஃபேஸையும் நியூட்ரலையும் நேராக இணைத்தவுடன் அவை எரிந்துபோகும் அல்லது ஓடாமலே நிற்கும். ஆகவே அந்த அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'தொட்டி வேலை செய்ததா?' என்பதல்ல, 'இந்தியாவில் இதை எப்படி இணைத்து ஓட்டினீர்கள்?' என்பது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டியிருந்தால் அதையும் தருகிறாரா என்று கேளுங்கள். ஒருநாள்கூட இங்கே ஓட்டவில்லை என்றால், அதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

மோட்டார் போனால் காயில் கட்டிக்கொள்ளலாம், மெக்கானிக்கல் சீலும் தேடினால் கிடைத்துவிடும்; அந்த அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பலகை போனால்தான் திண்டாட்டம். கடற்காற்றில் மூன்று ஆண்டுகள் சும்மா கிடந்த மின்பலகையில் பச்சை பூத்திருந்தால் அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. 2006-ஆம் ஆண்டு மாதிரிக்கு இன்று மாற்றுப்பலகை தேடுவது பெரிய வேலை. பலகையின் மேல் பல்லி விழுந்து கருகிய கதைகளைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பதில் நீண்டுவிடும்.

எப்படி இணைத்தாலும், தொட்டிக்கென்று பிரதான பலகையிலிருந்து தனி இணைப்பு, 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச், முறையான எர்த் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒருவரும் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டு வீட்டின் எர்த் குழியில் உப்பும் கரியும் கடைசியாக எப்போது போட்டார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? இதில் நான் எந்தச் சலுகையும் தருவதாக இல்லை. வழக்கமான அமெரிக்கத் தொட்டிகளில் ஹீட்டர் மட்டுமே ஐந்து கிலோவாட்டைத் தொடும். ஏசியும் கீசரும் ஓடும் வீட்டில் அதையும் சேர்த்தால், நீங்கள் மின்வாரியத்தில் பதிவு செய்திருக்கும் மின்பளு போதுமா, மூன்று ஃபேஸ் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச முடியும்.

மின்கட்டணத்தையும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 1,200 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 14 யூனிட் ஆகும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் இரண்டு மாதத்தில் 17 முறை. சுமார் 240 யூனிட். தண்ணீர் கெடாமல் இருக்க, யாரும் குளிக்காத நாளிலும் பம்ப் சில மணி நேரம் ஓடியாக வேண்டும். 300 வாட் பம்ப் எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. ஆக 380 யூனிட்டுக்கு மேல் கூடுகிறது. இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழுள்ள ஒரு பகுதிக்கும் விலை கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இப்போது 400 யூனிட் அளவில் கட்டிவரும் குடும்பம் என்றால், இந்த ஒரு பொருளால் அந்த எல்லையை எளிதாகக் கடந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பனிக்கொட்டும் ஊரில், வெளியே உறையும் குளிரில் அமர்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் செய்த பொருள் இது. நமக்கு வெந்நீர் சுகம் என்று தோன்றும் நாட்கள் மார்கழியும் தையும்தான். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் எப்படி வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஹீட்டரே போடாமல் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும், சில நாட்களில் அளவுக்கு மீறியும் செய்யும். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பாதுகாப்பு எல்லை. காற்றும் சூடாக, ஈரப்பதமும் மிகுந்திருக்கும்போது அந்த எல்லைக்குள்ளும் நெடுநேரம் அமர முடியாது, ஏனென்றால் தண்ணீருக்குள் இருக்கும் உடம்புக்கு வியர்த்துத் தணிவதற்கு வழியில்லை. சென்னையில் ஆண்டுக்கு மூன்று மாதம் பயன்படுத்தினால் அதிகம் என்பது என் கணிப்பு. மாடியில் வைத்திருந்தால் பக்கத்து வீட்டில் வடாம் காயப் போட வருகிறவர்கள் பார்வையும் இருக்கிறது; அதற்குத் தடுப்புக் கட்ட வேண்டும் என்று இரண்டாம் வாரமே பேச்சு வரும்.

தண்ணீர்ச் செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 2019 கோடையை மறக்காத சென்னைவாசி ஒவ்வொருவருக்கும் உறுத்தும் என்பதால் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஆண்டுக்கு 5,000 லிட்டருக்குள்தான் ஆகும். ஒரு லாரித் தண்ணீரில் பாதி. அந்தக் காரணத்துக்காக இதை மறுக்க வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீராக இருந்தால் ஹீட்டரில் உப்பு படியும், அதுதான் கவலை. வெளியேற்றும்போது குளோரின் கலந்த அந்தத் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியிலோ செடிகளுக்கோ விடாமல் சாக்கடையில் விடுங்கள்.

சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தொட்டிகளில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் காட்டிலும் தெரியாத பகுதியே பெரிது. நாலாபுறமும், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் துளைகளான ஜெட்டுகளுக்குப் போகும் குழாய்களில், வடித்த பிறகும் தண்ணீர் தேங்கி நிற்கும். மூன்று ஆண்டுகள் அப்படி நின்ற குழாய்களின் உட்சுவரில் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்கு வளரும் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா அந்தப் படலத்துக்குள் பாதுகாப்பாக இருந்துகொண்டு, ஜெட் ஓடும்போது எழும் நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குள் போய்க் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். வயதானவர்களுக்கே இதனால் ஆபத்து அதிகம். சூடோமோனாஸ் என்ற இன்னொன்று தோலில் சிவந்த தடிப்புகளைக் கொடுக்கும். தொட்டியை நிரப்பி, குளோரின் அளவை மிகுதியாக ஏற்றி, எல்லா ஜெட்டுகளையும் ஓட்டி, வடித்து, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யாமல் யாரும் இறங்கக் கூடாது. அதன் பிறகும் குளோரின் 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) குறையாமலும், அமில-கார அளவைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். சூடான தண்ணீரில் குளோரின் விரைவில் பறந்துவிடும் என்பதால், நீச்சல் குளத்தைவிட இதற்குக் கவனிப்பு அதிகம் தேவை. யார் இதைச் செய்வார்கள் என்பதை இப்போதே குடும்பத்தில் பேசிவிடுங்கள். முதல் மாதம் உங்கள் கணவர் செய்வார்; பிறகு அது உங்கள் வேலையாகிவிடும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். கவனிக்காமல் விட்டால் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். வீடு வீடாக மாடித்தொட்டிகளைத் திறந்து பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் மகளைப் பற்றி ஒன்று. இத்தகைய தொட்டியின் அடியில் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாய் இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் அந்த உறிஞ்சலில் சிக்கி மூழ்கி இறந்தாள். அவளுடைய பெயரிலேயே 2007-இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றி, உடம்போ தலைமுடியோ சிக்காத வகையிலான மூடிகளை 2008 டிசம்பர் முதல் கட்டாயமாக்கினார்கள். உங்களுக்கு வரும் தொட்டி 2006-ஆம் ஆண்டினது. அதன் மூடி பழைய வகையாக இருக்கலாம். வெடித்தோ கழன்றோ போயிருந்தால் கேட்கவே வேண்டாம். நீளமான பின்னலோடு ஒரு குழந்தை அதில் தலையை அமிழ்த்தி விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். பூட்டக்கூடிய மேல்மூடியும் கட்டாயம் வேண்டும். வெயிலில் கிடந்த பழைய மூடி பெரும்பாலும் தண்ணீர் குடித்து ஊறி, இரண்டு பேர் தூக்க வேண்டிய கனத்தில் இருக்கும்.

எடுத்துவரும் செலவு உங்கள் கணவர் நினைப்பதைவிட அதிகம் ஆகும். டாடா ஏஸ் வண்டியின் பெட்டி அகலம் ஒன்றரை மீட்டர்தான். இரண்டு மீட்டர் தொட்டியை அதில் படுக்கவைக்க முடியாது, செங்குத்தாக நிறுத்திக் கட்ட வேண்டும். அப்படி நிறுத்திய உயரத்தோடு உங்கள் தெருவில் தாழ்வாகத் தொங்கும் கேபிள்களைத் தாண்ட வேண்டும். இறக்க ஆறு பேராவது தேவை; மாடிக்கு என்றால் கிரேன். வேண்டாம் என்று முடிவெடுக்கும் நாளிலும் இதே செலவு திரும்ப வரும். காயலான் கடைக்காரர் மோட்டாரையும் செம்புக் கம்பியையும் எடுத்துக்கொள்வார். ஃபைபரும் அக்ரிலிக்கும் ஃபோமும் ஒட்டிய தொட்டியின் ஓட்டினை ஒருவரும் தொடமாட்டார்கள். கட்டர் வைத்து அறுத்து, துண்டு துண்டாக நீங்களே வெளியேற்ற வேண்டியிருக்கும். அந்த அதிகாரி இதை ஏன் விற்காமல் இலவசமாகத் தருகிறார் என்பதற்கும் இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன். அவர்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், ஒரே வழி இருக்கிறது. அவர் வீட்டிலேயே தொட்டியை நிரப்பி, ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சூடேறுகிறதா, ஜெட்டுகள் எல்லாம் அடிக்கின்றனவா, மறுநாள் காலையில் அடியில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஃபோம் நிரப்பியிருப்பதால், கசிவு ஒரு இடத்தில் தொடங்கி வேறொரு இடத்தில் வெளிவரும். ஈரம் தெரிந்தால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஓட்டிக் காட்ட முடியாது என்று அவர் சொன்னாலும் அப்படியே.

மாமியாரைக் கடைசிக்கு வைத்தேன். கடிதத்தில் உண்மையான தேவை அவருடையதுதான். மூட்டுவலிக்கு வெந்நீர் இதம் தரும் என்பது சரியே. ஆனால் மொட்டை மாடிக்குப் போக அவர் இரண்டு மாடிப் படி ஏற வேண்டும். ஏறிய பிறகு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்பைக் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். நனைந்த வழவழப்பான இருக்கையில் இறங்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து, சூட்டில் இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும் நிலையில், இவை அனைத்தையும் திருப்பிச் செய்ய வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அவருடைய மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சூடான தொட்டியிலும் உட்காரவைக்கக் கூடாது. கீழே அவர் குளிக்கும் அறையில் சுவரோடு உறுதியான பிடிகம்பி இரண்டு, வழுக்காத தரை, உயரம் சரியான ஒரு ஸ்டூல், கீசரிலிருந்து முழங்காலுக்கு நேராக ஊற்றிக்கொள்ள ஒரு கைஷவர் என்று செய்துகொடுத்தால், ஆண்டு முழுவதும், யார் துணையும் இல்லாமல், அவரே அந்த இதத்தை எடுத்துக்கொள்வார். தொட்டியை ஏற்றி இறக்கக் கேட்கப்போகும் கூலியில் இந்த வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

உங்கள் கணவர் இதையெல்லாம் படித்தும் ஒப்புக்கொள்ளாவிட்டால், வாக்குவாதம் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மாமியாரை ஈஞ்சம்பாக்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தொட்டி காலியாக இருக்கும்போதே, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.